காடைக்கும் கோழிக்கும் நடுவே ஒரு முகம்

மதிப்பிற்குரிய நிக்கோல் லெ துவாரன் அம்மையாருக்கு,

நான் தமிழ்நாட்டில் விலங்கியல் நடத்துகிறவள். ஆராய்ச்சிக்கு வருமுன் நீங்களும் பள்ளி ஆசிரியைதான் என்பதால் சற்று உரிமையோடு எழுதுகிறேன்.

காடையின் செல்கருவில் டி.என்.ஏ.வின் ஒரு பகுதி இறுகித் திரண்டு நிற்கும், கோழிக்கு அப்படி இல்லை. 1969இல் நீங்கள் அதை அடையாளமாகப் பிடித்துக்கொண்டீர்கள். கோழிக்கருவில் காடைத் துண்டை ஒட்டவைத்து, பிறகு சாயமேற்றிப் பார்த்தால், எந்தச் செல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். நரம்புக்குழாயின் முகட்டிலிருந்து கிளம்பும் செல்களே முகத்தின் எலும்பையும் குருத்தெலும்பையும் கட்டுகின்றன என்பது பறவைகளில் அப்படித்தான் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

என் தங்கை மகன் உதட்டுப் பிளவோடு பிறந்தவன். பார்க்க வந்தவர்களெல்லாம், "கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தியாம்மா? காய் நறுக்கினியா?" என்றே கேட்டார்கள். தங்கையும் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி அழுதாள். அவளுக்குச் சொல்ல எனக்குப் பதில் தந்தது உங்கள் காடைதான். மனிதக் கருவில் முகத்தைக் கட்டும் அந்தச் செல்கள் நான்காவது வாரத்திலேயே புறப்பட்டுவிடுகின்றன. பலர் அப்போது டாக்டரிடம்கூடப் போயிருக்க மாட்டார்கள். ஏழாவது வாரத்துக்குள் மேலுதடு கூடிவிடும். இதில் கிரகணத்துக்கு என்ன வேலை?

மரபணுவே எல்லாம் என்றும் சொல்வதற்கில்லை. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் பிளவு இருப்பதுண்டு. எந்த மரபணு எப்போது திறக்கும் என்பது, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏறும் வேதிக்குறிகளையும் பொறுத்தது. அப்படியொரு குறியை இடும் நொதிக்கான கேஎம்டி2டி மரபணு பழுதானால் கபுகி நோய்க்குறி வரும் என்று 2010இல் கண்டார்கள்: கண்ணின் திறப்பு நீண்டிருக்கும், மூக்குநுனி தாழும், சிலருக்கு அண்ணம் பிளந்திருக்கும். டி.என்.ஏ. எங்கே இறுகும், எங்கே இளகும் என்பதுதான் 'எபிஜெனிடிக்ஸ்' என்ற இந்தத் துறையின் பேச்சே. உங்களுக்குக் கிடைத்த அடையாளமும் இறுகிய டி.என்.ஏ.வாக அமைந்ததை நினைத்தால் எனக்கு வியப்பு தீருவதில்லை.

ஆனால் இப்போது அந்தத் துறையின் பெயரில் பழைய விசாரணையே கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது. என்ன சாப்பிட்டாய், எதற்குக் கவலைப்பட்டாய் என்கிறார்கள். புகைப்பழக்கமும், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் மாத்திரையும் பிளவின் அபாயத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனாலும் தனியொரு தாயைக் காட்டி "இதனால்தான்" என்று சொல்லப் பெரும்பாலும் எந்த மருத்துவராலும் முடியாது. அதை உறவுக்காரர்கள் சொல்லிவிடுகிறார்கள்!

கருவியல் பாடத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறேன். தேர்வில் வராது என்று தெரிந்தும் பிள்ளைகள் குறித்துக்கொள்கிறார்கள். அதற்கும் சேர்த்து என் நன்றி.

அன்புடன்,
ஒரு விலங்கியல் ஆசிரியை