கண்ணில் ஒத்திக்கொண்ட கார்டு

1/ உங்க வீட்டுக் குழந்தைங்க கிளிட்டர் தூவி வாழ்த்து அட்டை, ஸ்கிராப்புக் எல்லாம் செய்றாங்களா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான். எங்க வீட்டில் நடந்த கதை. தப்பு செஞ்சது டாக்டரான நான்தான்.

2/ போன வருஷம் அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சது. நாலாம் நாள், மூணாவது படிக்கிற என் மக பாட்டிக்குன்னு ஒரு கார்டு செஞ்சா. கறுப்புக் கண்ணாடி போட்ட பாட்டி படம். புடவை முழுக்க ஃபெவிக்கால் தடவி, மேலே வெள்ளி ஜிகினாத் தூள். டப்பா வாங்கிக் கொடுத்தது நான். "இன்னும் கொஞ்சம் தூவுடா, நல்லா மின்னும்"னு சொன்னதும் நான்தான்.

3/ பசை காயறதுக்குள்ள பாட்டிகிட்ட ஓடிட்டா. அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வச்சிட்டுப் படிச்சாங்க. அப்புறம் நம்ம ஊர்ப் பாட்டிகள் எல்லாரும் செய்றதைத்தான் செஞ்சாங்க. கார்டை ரெண்டு கண்ணிலும் ஒத்திக்கிட்டாங்க. நான் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கல.

4/ மறுநாள் காலையில அம்மாவுக்குக் கண் செவந்து, தண்ணியா வடியுது. "ராத்திரி பூரா மண்ணு விழுந்த மாதிரி உறுத்துச்சுப்பா."
"ஏம்மா அப்பவே எழுப்பல?"
"எழுப்பினா புள்ளைய திட்டுவ. பாவம், ஆசையா செஞ்சது."
எனக்குப் பேச்சே வரல.

5/ ஆபரேஷன் செஞ்ச டாக்டர்கிட்டயே ஓடினோம். கண்ணில் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள். மேல் இமையைத் திருப்பினார். உள்பக்கம் ஒரே ஒரு ஜிகினாத் துகள் ஒட்டிக்கிட்டு இருந்தது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் அது கருவிழியைக் கீறியிருக்கு. ஈரப் பஞ்சால் ஒரே நொடியில் எடுத்துட்டார்.

6/ ஆபரேஷன் காயத்துக்கு ஒண்ணும் ஆகல. கீறல் மூணு நாளில் ஆறிடுச்சு. ஆனா அந்த மூணு நாளும் நான் தூங்கல. புதுசா ஆபரேஷன் ஆன கண்ணுக்குள் கிருமி போனால் என்ன ஆகும்னு படிச்சவன் நான். பார்வையே போகலாம்.

7/ இத்தனூண்டு தூள் ஏன் இவ்வளவு படுத்துது? இப்போ கடையில் கிடைக்கிற ஜிகினா பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அலுமினியப் பூச்சு கொடுத்து, சாயம் ஏற்றி, பொடிப்பொடியாக வெட்டுகிறார்கள். பல துகள்கள் அறுகோண வடிவில் இருக்கும். ஓரம் கூர்மை. தூசி மாதிரி கண்ணீரில் எளிதாக அடித்துக்கொண்டு வராது, தட்டையாக ஒட்டிக்கொள்ளும். கரையவும் கரையாது.

8/ எங்க வீட்டில் மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. வேல்ஸில் ஒரு பெண்ணுக்குக் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கியது. கருவிழியில் இருந்த புண் பார்க்க ஹெர்பிஸ் கிருமித் தொற்று மாதிரியே இருந்தது. உருப்பெருக்கிப் பார்த்தால் அது மின்னுகிறது! கிறிஸ்துமஸ் கார்டு ஒன்றிலிருந்து வந்த கிளிட்டர். 2018-ல் மருத்துவ இதழில் வெளியான கேஸ். அதனால், கண்ணில் தொந்தரவுன்னு டாக்டரிடம் போகும்போது "கிளிட்டர் வச்சு வேலை செஞ்சேன்"னு நீங்களே சொல்லிடுங்க.

9/ கண்ணில் விழுந்தால்:
• கசக்கவே கூடாது. கசக்குவதுதான் பாதிக் காயம்.
• கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்க. சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கண்ணைக் கழுவுங்க, நடுநடுவே இமைக்கணும்.
• வாயால் ஊதுறது, முந்தானை நுனியால் எடுக்கிறது, தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுறது எதுவும் வேண்டாம்.
• வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீங்க. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.
• கழுவியும் உறுத்தல் போகலையா, வலி, சிவப்பு, மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூச்சமா? அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்க.
• சமீபத்தில் ஆபரேஷன் ஆன கண் என்றால் நீங்களாகத் தண்ணீர் கூட ஊற்றாமல் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் லேசான உறுத்தல் சகஜம்தான். ஆனா நேத்து இல்லாத உறுத்தல் இன்னைக்கு வந்தால் அது சகஜம் இல்லை.

10/ அப்போ கிளிட்டரே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். உதிரித் தூளுக்குப் பதிலா பசையோடு கலந்து வர்ற கிளிட்டர் பேனா வாங்குங்க. தூள்தான் வேணும்னா ஃபேனை நிறுத்திட்டு, ஒரு தட்டுக்குள் வைத்துத் தூவுங்க. மிச்சத்தை ஊதாமல், கார்டைக் கவிழ்த்துத் தட்டுங்க. காய்ந்த பிறகு, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை மேலே ஒரு பூச்சு பூசி, ராத்திரி முழுக்கக் காயவிடுங்க. விரலால் தேய்த்துப் பார்த்து ஒண்ணும் ஒட்டலைன்னா மட்டும் கொடுங்க. மேஜையில் சிந்தியதை செல்லோடேப்பால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்க, கழுவி சாக்கடையில் விடாதீங்க. அந்த நுண்பிளாஸ்டிக் பிரச்சினைக்காகத்தான் ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனைக்குத் தடை கொண்டு வந்தது.

11/ மககிட்ட என்ன சொன்னோம்னு கேப்பீங்க. அம்மா சொல்ல வேண்டாம்னாங்க. நான் சொன்னேன். "உன் தப்பு இல்ல, அப்பா தப்பு. பசை காயட்டும்னு நான்தான் சொல்லியிருக்கணும்." கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் பழைய பட்டுப்புடவை ஜரிகையை வெட்டி ஒட்டி இன்னொரு கார்டு செஞ்சா. அதுவும் மின்னத்தான் செஞ்சது.

12/ முதல் கார்டைத் தூக்கிப் போட அம்மா விடல. பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வச்சிருக்காங்க. அப்பப்போ எடுத்துப் பார்ப்பாங்க. கவரோடதான் கண்ணில் ஒத்திக்கிறாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க: கண்ணில் வலின்னா ராத்திரி எத்தனை மணியானாலும் எழுப்பணும். யாரையும் திட்ட மாட்டோம்.