பறித்த அன்றே விலைபோக வேண்டிய பழம்

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறவர்கள் தேனியில் இறங்கித் தெற்கே போவதுதான் வழக்கம். ஆனால், அங்கே விளையும் பொருட்களைப் புரிந்துகொள்ள, தெற்கே லோயர் கேம்ப்பில் தொடங்கித் தண்ணீர் வரும் வழியிலேயே வடக்கே வருவது நல்லது. முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வந்து இறங்குவது இங்கேதான். 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் போட்டு, 1895-ல் கட்டி முடித்த அணை அது. கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் படம் இந்தப் பகுதியில் டீக்கடைகளிலும் வீடுகளிலும் தொங்குகிறது. 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-ல் ஊர்கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். ஓர் இன்ஜினீயருக்கு விவசாயிகள் பொங்கல் வைக்கும் ஊர் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

அந்தத் தண்ணீரில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று சாலையின் கூடவே பச்சை ஓடுகிறது. சாலையை விட்டுக் கிழக்கே சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திரும்பினால் நெல் மறைந்து பந்தல்கள் தொடங்குகின்றன. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் கொடி படர்ந்த பந்தல்கள். உள்ளே நுழைந்தால் உச்சிவெயிலிலும் நிழல். தலைக்கு மேலே கருநீலக் கொத்துகள். இதுதான் பன்னீர் திராட்சை.

குளிர் இல்லாத ஊரில் கத்தரிதான் குளிர்

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்று இங்கே சொல்லப்படுகிறது. பன்னீர் தெளித்தது போன்ற வாசனை இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். விதை உண்டு, சாறு அதிகம், தோல் எளிதில் கழன்று வரும். விதையில்லாப் பழத்துக்குப் பழகிய நாக்குக்கு இதன் விதை தொந்தரவாகத் தோன்றலாம். ஆனால், வாசனையில் இதன் பக்கத்தில் நிற்க அந்தப் பழங்களால் முடியாது.

குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் விழித்துத் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது, விட்டால் ஆண்டு முழுக்க இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது கவாத்துக் கத்தரிதான். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் கோடைக் காய்ப்பு. மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு காய்ப்பு. கவாத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பூ இருக்கும், அதற்கடுத்ததில் மொட்டைக் கொடி நிற்கும். இப்படி மாற்றி மாற்றிச் செய்வதால் பள்ளத்தாக்கில் ஆண்டின் எல்லா மாதமும் எங்கேயாவது பழம் இருக்கிறது. இந்தியாவின் வேறு பகுதிகளில் இதைப் பார்ப்பது அரிது.

இதற்கு மலையும் துணை. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மேற்குப் பக்கமே கொட்டிவிட, பள்ளத்தாக்குக்குக் காற்றும் தூறலும்தான் மிச்சம். பழம் பழுக்க இந்த வறண்ட காற்று ஏற்றது. வடகிழக்குப் பருவமழைதான் எதிரி. ஐப்பசியில் பழம் பழுத்து நிற்கும்போது இரண்டு நாள் விடாமல் பெய்தால் பழம் வெடிக்கும், கொத்து அழுகும். அடிச்சாம்பல் நோய் இலையைப் பிடித்தால் அடுத்த காய்ப்பும் சேர்ந்தே போகும். கவாத்துத் தேதியைக் குறிக்கும்போதே விவசாயி நான்கு மாதம் கழித்து வரப்போகும் வானத்தோடு பந்தயம் கட்டுகிறார்.

ராயப்பன்பட்டி அருகே ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புதிதாகப் பந்தல் போட நினைப்பவர்கள் நாற்று வாங்கப் போவதற்கு முன் ஒருமுறை அங்கே போய் வருவது செலவில்லாத காப்பீடு.

தராசுக்கு இனிப்பு தெரியாது

இத்தனை நல்ல பழத்துக்கு விலை எப்படிக் கிடைக்கிறது? தோட்டத்துக்கே வியாபாரி வருகிறார். கொத்தைப் பார்க்கிறார், ஒன்றிரண்டைப் பிய்த்து வாயில் போடுகிறார், கிலோவுக்கு இவ்வளவு என்கிறார். ஆட்கள் வந்து வெட்டி, கிரேட்டில் அடுக்கி, எடைபோட்டு, சாயங்காலத்துக்குள் வண்டி ஏறிவிடும். வெட்டிய பழம் காத்திருக்காது. வெட்டாமல் கொடியில் விட்டு வைக்கலாம். ஆனால், எத்தனை நாளைக்கு? மேகம் கூடினால் அந்தத் துணிச்சலும் போய்விடும். விலை பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை விவசாயிக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்த நாள்தான் இல்லை. மகாராஷ்டிராவின் விதையில்லாத் திராட்சை சந்தைக்கு வந்து குவியும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் நிலைமை இன்னும் கடினம்.

இன்னொரு சிக்கலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும், அப்போதுதான் இனிப்பு ஏறும் என்பது எல்லாப் பந்தல்காரர்களுக்கும் தெரிந்த பாடம். ஆனால், விலை கிலோவுக்கு. தண்ணீர் காட்டினால் எடை கூடும், நிறுத்தினால் குறையும். தண்ணீரை நிறுத்தி நல்ல பழம் கொடுப்பவருக்கும், கடைசி நாள் வரை தண்ணீர் பாய்ச்சியவருக்கும் தராசு ஒரே விலையைச் சொன்னால், யார் நிறுத்துவார்? விலை ஏறிய வாரங்களில் இன்னும் மோசம். பாதி நிறம் ஏறிய கொத்தும் வெட்டப்பட்டுவிடுகிறது. திராட்சை வாழையைப் போலவோ மாம்பழத்தைப் போலவோ பறித்த பிறகு பழுக்காது. வெட்டும்போது இருக்கும் இனிப்புதான் கடைசிவரை இருக்கும். புளிப்புப் பழத்தை ஒருமுறை வாங்கிய சென்னைக்காரரோ கொச்சிக்காரரோ அடுத்த முறை விதையில்லாததைத் தேடிப் போகிறார். அந்த நஷ்டம், அவசரப்பட்டு வெட்டியவரோடு நிற்காமல் ஊர் முழுவதற்கும் வருகிறது.

சின்னமனூர் வாழையைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். திராட்சைக் கதைக்கு எதிர்க்கதை வேண்டுமென்றால் பள்ளத்தாக்கின் சாலையை விட்டு மேற்கே போடிநாயக்கனூருக்குப் போக வேண்டும்.

போடியில் குணத்துக்கு அளவு உண்டு

போடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏலக்காய் ஸ்டோர்கள் இருக்கும் தெருவுக்குள் நடந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குகிறார்கள். வெடித்தது ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், காம்பு ஒட்டியது ஒரு பக்கம். பிறகு சல்லடை. எட்டு எம்.எம்.முக்கு மேல், ஏழிலிருந்து எட்டு என்று மில்லிமீட்டர் கணக்கில் பிரிக்கிறார்கள். ஒரு லிட்டர் அளவுக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்பதும் கணக்கு. காய் பெரிதாக இருந்தும் உள்ளே அரிசி இல்லாவிட்டால் இந்த எடை காட்டிக்கொடுத்துவிடும்.

விளைவது பெரும்பாலும் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் தோட்டங்கள். விடியற்காலையில் இங்கிருந்து ஜீப்களில் வேலையாட்கள் மேலே போகிறார்கள், சாயங்காலம் இறங்குகிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். இதற்கு உலகச் சந்தையில் 'ஆலப்புழைப் பச்சை' என்று பெயர். ஆலப்புழையில் ஏலக்காய் விளைவதில்லை. திருவிதாங்கூர் காலத்தில் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்து கப்பல் ஏறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புவிசார் குறியீடும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு மேலே புத்தடியிலும் நடக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் மாதிரி வியாபாரிகள் கைக்கு வருகிறது. பிரித்துப் பார்த்து, முகர்ந்து, திரையில் விலை கேட்கிறார்கள். எந்தச் சரக்கு எவ்வளவுக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். விலை பிடிக்காவிட்டால் விவசாயி சரக்கைத் திரும்ப எடுத்து வைக்கலாம், உலர்ந்த காய் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இதனால் ஏலக்காய் விவசாயிக்குக் கவலையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதை நம்பிப் புதிதாக நட்டவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். ஏலம் நடத்துவதால் விலை விழாமல் இருந்துவிடாது. ஆனால், விழுந்த சந்தையிலும் எட்டு எம்.எம். பச்சைக்காய்க்கு வெளிறிய காயைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. நன்றாகச் செய்தவருக்கு நன்றாகச் செய்ததற்கான காசு. திராட்சைப் பந்தலில் கிடைக்காதது இதுதான்.

குறியீடு வந்தது, இனி?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்துக் கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கரில் விளையும் பழம் இது. குறியீடு பெயரைக் காப்பாற்றும். வேறு ஊர்ப் பழத்தைக் 'கம்பம் பன்னீர்' என்று விற்றால் சட்டப்படி தடுக்கலாம். ஆனால், குறியீடு தானாக நடந்து தோட்டத்துக்கு வந்து விலையை ஏற்றாது. அந்தப் பெயரையும் முத்திரையையும் தன் பெட்டியில் போட விரும்பும் விவசாயி, சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநர்' என்று தன் பெயரைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். இதற்கான கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ல் அதை 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு டீயின் விலை. அரை ஏக்கர்க்காரருக்கும் இது எட்டும். பத்துப் பேர் சேர்ந்து போனால் அலைச்சலும் குறையும்.

அடுத்தது இனிப்பை அளப்பது. பழச்சாறு ஒரு சொட்டு விட்டால் சர்க்கரை அளவைக் காட்டும் கைக்கருவி, ரிஃப்ராக்டோமீட்டர், பெரிய செலவு இல்லை. ஒரு உற்பத்தியாளர் குழுவுக்கு ஒன்று போதும். இத்தனை அளவுக்கு மேல் ஒரு விலை, அதற்குக் கீழே ஒரு விலை என்று வியாபாரியிடம் பேச ஒரு எண்ணாவது கையில் இருக்கும். போடியின் சல்லடை செய்யும் வேலையைப் பந்தலில் இந்தக் கருவி செய்யலாம். வைன் ஆலை வேண்டும், பழச்சாறு ஆலை வேண்டும் என்ற கோரிக்கைகள் பள்ளத்தாக்கில் பல காலமாக இருக்கின்றன. அவை வரும்போது அவர்களும் முதலில் கேட்கப்போவது சர்க்கரை அளவைத்தான்.

சில பந்தல்காரர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தேக்கடிக்குப் போகும், திரும்பும் சுற்றுலா வண்டிகள் கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் நிற்கின்றன. தோட்டத்துக்குள் விட்டுப் படம் எடுக்க அனுமதித்து, வாசலிலேயே பழமும் சாறும் விற்கிறார்கள். இங்கே வாங்குபவர் சாப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவார், புளித்த பழம் இங்கே விலை போகாது. கம்பம் உழவர் சந்தையிலும் அப்படியே. சாலையோரத்தில் தோட்டம் இல்லாதவர்களுக்கு இந்த வழி கிடையாது என்பதும் உண்மை.

வாங்குபவருக்கு

கொத்தின் மேல் பழத்தைச் சுவைத்து ஏமாற வேண்டாம். தோள்பகுதி முதலில் பழுக்கும், நுனி கடைசியில். கீழே தொங்கும் நுனிப் பழத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள். அது இனித்தால் கொத்து முழுவதும் இனிக்கும். காம்பு பச்சையாக இருந்தால் புதிதாக வெட்டியது. பழத்தின் மேல் வெண்மையாகப் படிந்திருப்பது மருந்தா என்று பலர் கேட்கிறார்கள். பழத்தில் எப்போதும் இருக்கும் மெல்லிய மெழுகுப்பூச்சு அது; சீராகப் படிந்திருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று பொருள். திட்டுத்திட்டாக, துளித்துளியாகக் காய்ந்திருந்தால் அது தெளிப்பின் மிச்சம். எப்படி இருந்தாலும் சாப்பிடும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுவது அவசியம்.

ஏலக்காயில் பார்க்க வேண்டியது வேறு. கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால், ஈரப் பஞ்சில் நான்கு காயைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பச்சையானால் அது ஏற்றிய நிறம். காயை உடைத்தால் உள்ளே அரிசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும்.

திராட்சை கூடுதலாக வாங்கிவிட்டால் கெட்டுப்போகும் வரை வைத்திருக்க வேண்டியதில்லை. உதிர்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றாமல் அடிகனமான பாத்திரத்தில் இளந்தீயில் வைத்தால் தோல் வெடித்துச் சாறு விடும். கரண்டியால் மசித்துத் துணியில் வடிகட்டினால் தோலின் நிறமெல்லாம் சாற்றில் இறங்கியிருக்கும். பன்னீர் திராட்சைக்குச் சர்க்கரை கொஞ்சம் போதும். நுனிப் பழமும் இனித்த கொத்தாக இருந்தால் அதுவும் வேண்டாம்.