போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள்

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் விதிப் புத்தகம் எதையும் கொடுப்பதில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கசங்கிப்போன ஒரு போர்டிங் பாஸை எடுத்துக் காட்டுவேன். கொமோரோஸிலிருந்து ஒரு கூட்டத்துக்காக ரீயூனியன் தீவுக்கு வந்துபோன கொசு ஆய்வாளர் ஒருவருடைய சீட்டு அது. மூன்று நாளும் எங்களோடு உட்கார்ந்து பேசினார். வருகைப் பதிவில் காலையும் மாலையும் கையெழுத்துப் போட்டார். எல்லோருமாக நின்று எடுத்த படத்தில் நடுவில் நிற்பவர் அவர்தான். ஆனால் திரும்பிப் போன பயணத்தின் சீட்டு அவரிடம் இல்லை. "அவர் ஊர் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கணக்குச் சரிபார்த்தவர் கேட்டார். தொலைபேசியில் கூப்பிட்டால் அவரே எடுப்பார் என்று சொன்னேன். அது அத்தாட்சியில் சேராது என்றார்கள். டிக்கெட் பணம் தள்ளுபடி ஆயிற்று. அந்தத் தொகை அவருடைய அலுவலகத்துக்குச் சிறியதல்ல. ஏழு மாதம் கடிதம் எழுதிப் பார்த்தேன். கோப்பு மூடிய பிறகு, அவர் படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து சீட்டு கிடைத்தது. அடுத்த முறை வந்தபோது எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

காரைக்காலில் பிறந்தவன் நான். குடும்பத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் ரீயூனியனுக்கு வந்து, இருபது ஆண்டுகளாக அண்டை நாடுகளோடு கூட்டுத் திட்டங்கள் நடத்தும் இந்த ஒரு வேலையைத்தான் செய்கிறேன். கோயில் திருவிழாவில் யாராவது "என்ன உத்தியோகம்?" என்று கேட்டால், "அண்டை வீட்டாரோடு பேசவைக்கிறேன், ரசீதோடு" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ரசீது இல்லாமல் பேசிக்கொள்ள வேண்டியதுதானே என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன். எங்கள் தீவு இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சட்டப்படி அது பிரான்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் மண். சம்பளம் யூரோவில் வருகிறது. விமானத்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் மொரீஷியஸ் 1968-இல் விடுதலை பெற்ற நாடு. அங்கே ரூபாய்; தாளில் தமிழ் எழுத்தும் இருக்கும். மேற்கே மடகாஸ்கரில் அரியாரி. வடமேற்கே கொமோரோஸில் ஃபிராங்க். வடக்கே செஷல்ஸில் இன்னொரு ரூபாய். ஒரு திட்டத்துக்குள் ஐந்து நாணயம். இவற்றில் கொமோரோஸ் ஃபிராங்க் ஒன்றுதான் யூரோவோடு கட்டிப்போட்டது, ஒரு யூரோவுக்கு 491.96775 என்று. கணக்கு எழுதுகிறவனுக்கு அதைப் பார்த்தாலே நிம்மதி. மற்றவை மாதத்துக்கு மாதம் ஆடும். எந்த மாதத்து விகிதத்தில் மாற்றினோம் என்பதற்கும் ஒரு தாள் வைக்க வேண்டும்.

மொரீஷியஸ், மடகாஸ்கர், செஷல்ஸ் மூன்றும் 1982-இல் போர்ட் லூயியில் கூடி இந்தியப் பெருங்கடல் ஆணையத்தைத் தொடங்கின. 1984-இல் செஷல்ஸின் விக்டோரியாவில் ஒப்பந்தம் ஆயிற்று. 1986-இல் கொமோரோஸ் சேர்ந்தது, ரீயூனியனுக்காக பிரான்ஸும் சேர்ந்தது. அது நாடுகளின் அமைப்பு. எங்கள் திட்டங்களுக்குப் பணம் வரும் வழி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ளே இருக்கும் பகுதிகளுக்கான பிராந்திய வளர்ச்சி நிதியிலிருந்து, இன்டர்ரெக் என்ற பெயரில், ரீயூனியன் பிராந்திய மன்றத்தின் கை வழியாக வருகிறது. செலவில் 85 விழுக்காடு வரை அது தாங்கும். அண்டை நாடுகளுக்கான பணமோ நெடுங்காலம் ஐரோப்பிய வளர்ச்சி நிதி என்ற வேறொரு இழுப்பறையில் இருந்தது. அதற்கு விதி வேறு, நாள்காட்டி வேறு, கையெழுத்துப் போடும் ஆளும் வேறு. இரண்டும் பிரஸ்ஸல்ஸ் பணம்தான். ஒரே படகைக் கட்ட இடப்பக்கப் பலகை இந்த ஆண்டும் வலப்பக்கப் பலகை மூன்று ஆண்டு கழித்தும் வந்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான் எங்கள் வேலை இருந்தது. 2021-க்குப் பிறகு இரண்டையும் ஒரே விதிக்குள் சேர்க்க வழி செய்திருக்கிறார்கள். விதி எழுதுவது ஒன்று, இழுப்பறையைத் திறப்பது வேறொன்று.

இதற்கெல்லாம் அவசியம் என்ன என்பதை எனக்குக் கொசுதான் கற்றுக்கொடுத்தது. 2005-இன் தொடக்கத்தில் கொமோரோஸில் சிக்குன்குனியா பரவியது. சில வாரங்களில் எங்கள் தீவுக்கு வந்தது. குளிர்காலத்தில் அடங்கியதுபோல் இருந்துவிட்டு, 2006 பிப்ரவரியில் உச்சத்துக்குப் போனது. ரீயூனியனில் சுமார் 2,66,000 பேரை, அதாவது மூவரில் ஒருவரை, அது படுக்கையில் போட்டது. நானும் படுத்தேன். கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறக்க முடியவில்லை. அதே ஆண்டு இந்தியாவில் ஏறக்குறைய 14 லட்சம் பேருக்கு வந்தது. காரைக்காலில் அம்மா மாடிப்படி ஏற முடியாமல் கூடத்திலேயே படுத்திருந்தாள். தொலைபேசியில் இருவரும் மூட்டு மூட்டாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம். கொமோரோஸில் என்ன நடக்கிறது என்பதை ரீயூனியன் மருத்துவர்கள் சரியான நேரத்தில், சரியான ஆளிடமிருந்து கேட்டிருந்தால் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும் என்று அன்று பேசாதவர் இல்லை. ஆணையத்தின் கீழ் 2009-இல் நோய்க் கண்காணிப்பு வலையமைப்பு ஒன்று அமைந்ததற்கு அந்தக் காய்ச்சலே காரணம். பிரெஞ்சு வளர்ச்சி முகமை பணம் கொடுத்தது, பிறகு ஐரோப்பிய ஒன்றியமும் கொடுத்தது. இப்போது ஒரு தீவில் சந்தேகத்துக்குரிய காய்ச்சல் வந்தால் மற்றத் தீவுகளின் ஆட்களுக்குச் செய்தி போகிறது.

"சரியான ஆளைத் தெரிந்துவைத்திருப்பது" என்பதற்கு எந்த பட்ஜெட்டிலும் தலைப்பு கிடையாது. பணியாளர் செலவு, பயணம், உபகரணம், வெளிச் சேவை என்று நான்கைந்து பெட்டிகள்தான் உண்டு. உண்மையில் கிடைக்கப்போவது என்னவோ ஒரு தொலைபேசி எண்ணும், அந்த எண்ணில் இருப்பவர் இரவு பத்து மணிக்கும் எடுப்பார் என்ற நம்பிக்கையும்தான். அதைப் பயணம் என்ற பெட்டிக்குள் மறைத்து எழுதுவதுதான் எங்கள் தொழிலின் நுட்பம். இளம் வயதில் ஒரே நாள் கூட்டமாகப் போட்டுச் சிக்கனம் செய்ததாகப் பெருமைப்பட்டேன். இப்போது குறைந்தது மூன்று நாள் போடுகிறேன். முதல் நாள் எல்லோரும் தங்கள் அலுவலகத்தைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அலுவலகத்தில் நடக்காதவற்றைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

சாப்பாடு என்றதும் ஒன்று. ரீயூனியனில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காரமான, வேகவைக்காத தக்காளிக் கலவைக்கு ருகாய் என்று பெயர். நம் ஊறுகாய்தான் கப்பலேறி அப்படி ஆனது என்பார்கள். மொரீஷியஸ்காரர் அதே பெயரில் தக்காளிக் குழம்பு ஒன்றைக் காய்ச்சுவார். ஒரு கூட்டத்தில் எது நிஜ ருகாய் என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுவந்து வைத்திருந்தால் இரண்டு பேருமே அதை ஏற்றிருக்க மாட்டார்கள். ஒரே சொல் இரண்டு தீவில் இரண்டு பண்டமாக இருப்பது சமையலறையோடு நிற்பதில்லை. "பணி முடிந்தது" என்று ஒரு பங்காளி எழுதினால் பொருள் வந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னொருவருக்குப் பொருள் வேலை செய்கிறது என்று அர்த்தம். கணக்கு பார்ப்பவருக்கோ விலைப்பட்டியலுக்குப் பணம் கட்டியாயிற்று என்று அர்த்தம். ஒப்பந்தம் எழுதும் முன்பு இப்படிப்பட்ட சொற்களை ஒரு தாளில் எழுதி, ஆளுக்கு ஆள் என்ன புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டுவிடுவேன். யாரும் கேட்காத தாள் அது. எனக்கு அதைவிட உதவிய தாள் வேறில்லை.

வரைபடத்தில்தான் நான் பலமாக அடிபட்டேன். மயோட் கொமோரோஸ் தீவுக்கூட்டத்தின் நான்காவது தீவு. 1974 வாக்கெடுப்பில் பிரான்ஸோடு இருப்பதாகச் சொன்னது, 2011-இல் பிரெஞ்சு மாவட்டமும் ஆனது. கொமோரோஸ் அதைத் தன் மண் என்கிறது. அதன் கொடியில் இருக்கும் நான்கு நட்சத்திரங்களில் ஒன்று மயோட்டுக்கானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விண்ணப்பத்தின் முகப்பை அழகுபடுத்துவதாக நினைத்து நாட்டுக்கு ஒரு நிறமாக வரைபடம் வரைந்தேன். மயோட்டுக்கு ரீயூனியனின் நீலத்தைக் கொடுத்தேன். கொமோரோஸ் தரப்பினர் நாற்காலியை நகர்த்தி எழுந்துவிட்டார்கள். அரை நாள் போயிற்று. அன்று முதல் என் வரைபடங்களில் தீவுகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எல்லைக் கோடு இல்லை. இது கோழைத்தனம் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் கோட்டைப் பற்றிப் பேசும் இடம் வேறு, காய்ச்சலைப் பற்றிப் பேசும் இடம் வேறு. திரோமெலின் என்று ஒரு சதுர கிலோமீட்டர் மணல்திட்டு இருக்கிறது. பிரான்ஸ் கையில் இருக்கிறது, மொரீஷியஸ் உரிமை கோருகிறது. மீன்வளம், சூழல், தொல்லியல் மூன்றையும் சேர்ந்து நிர்வகிக்கலாம் என்று 2010-இல் இரு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. 2017-இல் நிகழ்ச்சி நிரலில் இருந்தே அதை எடுத்துவிட்டார்கள். யாரும் நிரந்தரமாகக் குடியிருக்காத மணலுக்கே அந்தப் பாடு.

புயல் விஷயத்தில் மட்டும் எங்கள் கடலில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் புயல்களைக் கண்காணிக்கும் பிராந்திய மையமாக 1993-இல் உலக வானிலை அமைப்பு அங்கீகரித்தது ரீயூனியனை. புயல் எவ்வளவு வலுத்தது என்று முடிவுசெய்வது எங்கள் தலைநகர் சேன் தெனி. பெயர் வைப்பது சேன் தெனி அல்ல. கிழக்கு 55 பாகைக் கோட்டுக்கு மேற்கே வலுத்தால் மடகாஸ்கர் பெயர் சூட்டும், கிழக்கே என்றால் மொரீஷியஸ் சூட்டும். அந்தக் கோடு எங்கள் தீவுக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. கருவி வைத்திருப்பவர் ஒருவர், பெயர் சொல்லும் உரிமை இன்னொருவருக்கு. பங்குப் பிரிப்பு எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். எல்லாக் கட்டங்களிலும் ரீயூனியன் பெயரே வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

இன்டர்ரெக் பணத்தில் நடந்த புயல் ஆய்வு ஒன்றை நான் பொறாமையோடு பார்த்ததுண்டு. ரெனோவ்ரிஸ்க் என்று பெயர். புயலுக்குத் தீனி கடலின் சூடு. அந்தச் சூட்டை ஆழத்தில் அளக்க வேண்டும். மீன்பிடிக் கயிற்றில் தவறிச் சிக்கும் கடலாமைகளுக்கு சேன் லூ ஊரில் உள்ள கெலோனியா நிலையத்தில் சிகிச்சை தருவார்கள். குணமானவற்றின் ஓட்டில் கருவி ஒட்டிக் கடலில் விட்டார்கள். ஆமை முங்கும்போது வெப்பத்தை அளக்கும், மூச்சுவிட மேலே வரும்போது செயற்கைக்கோளுக்கு அனுப்பும். எந்த நாட்டுக் கடல் என்று அது பார்ப்பதில்லை. போர்டிங் பாஸும் கேட்க முடியாது.

மனிதர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. பாரிஸுக்கு விசா வாங்கிய மடகாஸ்கர் மருத்துவர் அதே விசாவில் இங்கே இறங்கிவிடலாம் என்று நினைத்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். ஆகவே கூட்டத் தேதியை முடிவுசெய்வது தலைவர் அல்ல, விசா வரிசை. மூன்று மாதம் முன்பே அழைப்புக் கடிதம் போட வேண்டும். அதில் பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோல் ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். மடகாஸ்கர் பெயர்கள் நம்மூர்ப் பெயர்களைவிட நீளம்.

ஆய்வகப் பொருள் வாங்குவதைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. ஒரு பங்காளி ஆய்வகத்துக்கு மைனஸ் 80 பாகை உறைபெட்டி வாங்கிக் கொடுத்தோம். ஸ்டிக்கர் ஒட்டி, கொடி வைத்து, படம் எடுத்து, எல்லாம் ஆயிற்று. திட்டம் முடிந்த அடுத்த ஆண்டு அதன் கதவு ரப்பர் பிய்ந்தது. ஒரு சாப்பாட்டு விலைதான் அந்த ரப்பர். ஆனால் வாங்க எந்தத் தலைப்பிலும் பணமில்லை. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் அது. மாதிரிகள் எல்லாம் கெட்டுப்போயின. அந்தத் திட்டத்தின் இறுதி அறிக்கையில் "உபகரணம்: 100 விழுக்காடு நிறைவேற்றம்" என்று எழுதியவன் நான்தான். பொய் இல்லை. அதன்பின் எந்தப் பெட்டியை வாங்கினாலும் ரப்பர், ஃபியூஸ், ஸ்டெபிலைசர், ஐந்து ஆண்டுக்கான உதிரிகள் அத்தனையையும் அதே விலைப்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். அந்த ஊரில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டு, அவருடைய பயிற்சிச் செலவையும் எழுதுகிறேன். விலை ஏன் கூடியது என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் ரப்பர் கதையைச் சொல்வேன்.

பணத்துக்கும் காலக்கெடு உண்டு. ஒதுக்கிய ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டாத தொகையை பிரஸ்ஸல்ஸ் தானாகவே ரத்துசெய்துவிடும். அதனால் ஆண்டுக் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் தீபாவளிக் கடைத்தெருபோல் கூட்டம். இந்த அவசரத்தில் வாங்கியவைதான் பிறகு மூலையில் தூசு படிந்து கிடக்கும்.

2024 ஆகஸ்டில் ரீயூனியனில் மறுபடி சிக்குன்குனியா தலைகாட்டியது. 2025-இல் 50,000-க்கும் மேற்பட்டோருக்கு உறுதியானது. ஒரு மாலை கொமோரோஸ் தலைநகர் மொரோனியிலிருந்து அழைப்பு. எங்களைவிட அங்கே ஒரு மணி நேரம் பின்னால். போர்டிங் பாஸ் ஆய்வாளர்தான்.

"இந்தத் தடவை முதலில் உங்களுக்கு" என்றார்.

எங்களுக்குள் அப்போது எந்தத் திட்டமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. எந்தக் கொசு, எந்த வட்டாரம், ஆய்வகத்தில் யாரிடம் கேட்கலாம் என்று விசாரித்தார். தெரிந்ததைச் சொன்னேன், பேச வேண்டியவரின் எண்ணையும் கொடுத்தேன். பிள்ளைகள், மழை, அவருடைய ஓய்வு என்று பேச்சு எங்கெங்கோ போனது. வைப்பதற்கு முன் கேட்டார்:

"அந்தச் சீட்டு இன்னும் வைத்திருக்கிறீர்களா?"

"இருக்கிறது."

"கோப்பைத் திறப்பார்களா?"

எழுதிப் பார்க்கிறேன் என்றேன்.