ஒலி தேர்ந்த கதை

மின்னணு விசைப்பலகை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் விளங்காது. கீபோர்டு என்று சொல்ல வேண்டும். அதிலுள்ள கட்டைகளை எண்ணிவிடலாம். பெரும்பாலும் அவை 61. அவற்றின் பின்னே அடங்கியிருக்கும் ஒலிகளோ நூற்றுக்கணக்கானவை. புல்லாங்குழல், வயலின், சிதார், தேவாலயத்தில் முழங்கும் ஆர்கன் என்று ஒவ்வொன்றும் ஓர் எண்ணின்கீழ் அடங்கிக் கிடக்கும். கட்டைகளில் விரலோட்டம் பழகுவது ஒரு கல்வி. இவ்வொலிகளுள் வேண்டியதைத் தேர்ந்து, மறுமுறை நினைத்தவுடன் கைக்கு வருமாறு சேமித்து வைப்பது மற்றொரு கல்வி. முதலாவதைக் கற்பிக்கப் பலர் உளர். இரண்டாவதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் கான்சாபுரத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர்.

கான்சாபுரம், வத்திராயிருப்பை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். இசைக் கருவி வாங்கவோ பழுது பார்க்கவோ திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ பேருந்து ஏற வேண்டும். அத்தகைய ஊரில் அப்பெரியவர் இளமையில் நாடகக் குழுக்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தில் மேடையின் ஓரமாக அமர்ந்து, பாடுவோரின் குரலறிந்து சுருதி கொடுத்தவர். ஊரார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி.

நான் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தபோது, அண்ணாச்சி அதனைக் கோழிக்குஞ்சைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தார். வானொலி நிலையங்கள் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குக் கதவடைத்திருந்த காலம் அவருக்கு நினைவிருந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் நம் இசையின் கமகம் தவறி விழுந்துவிடுகிறது என்பதே ஆர்மோனியத்தின்மேல் சாட்டப்பட்ட குற்றம். “எங்கள் பெட்டிக்கு ஒரு குரல்தான், தம்பி. அதற்கே அத்தனை வழக்கு. உன் பெட்டிக்கு எத்தனை குரலோ!” என்று கூறிச் சிரித்தார்.

நான் செய்துகொண்டிருந்தது, எல்லா இளைஞரும் செய்வதுதான். எண்களை ஒவ்வொன்றாக அழுத்துவேன். புதிய ஒலி வந்தால் மகிழ்வேன். அடுத்த எண்ணுக்குத் தாவுவேன். அண்ணாச்சி இதனை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, திரையின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஒலியின் பெயரைப் பார்க்கக் கூடாது. ஒரே சங்கதியை ஒவ்வோர் ஒலியிலும் மும்முறை வாசிக்க வேண்டும். அது கீழ்ச்சுருதியில் நன்றாக இருக்கிறதா, மேலே போனால் கீச்சிடுகிறதா, குரலோடு சேருமா, குரலை மூடுமா என்று எழுத வேண்டும். அதன்பின்தான் துண்டை எடுத்து எண்ணைக் குறிக்கலாம். இதுவே அவர் வகுத்த பாடம். வயலின் என்று பெயரிட்ட ஒன்று பாட்டுக்கு உதவாமற் போனதும், எப்பெயரென்றே விளங்காத ஒன்று தாலாட்டுக்கு அழகாகப் பொருந்தியதும் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டன.

அந்த எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு நிறுவனத்தின் கருவியில் குழலாக இருந்த எண், மற்றொன்றின் கருவியில் மணியாக ஒலித்த காலம் இருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க, உற்பத்தியாளர்கள் உடன்பட்டு 1991இல் 128 ஒலிகள் கொண்ட பொது அட்டவணை ஒன்றை வகுத்தனர். அதன்படி 1 பியானோ; 41 வயலின்; 74 புல்லாங்குழல்; 105 சிதார். 128 என்னும் கணக்கு ஏன்? பொறி ஏழு இருமை இலக்கங்களால் இந்த எண்ணைக் குறிக்கிறது. இரண்டை ஏழு முறை பெருக்கினால் வருவது 128. பொறி 0 முதல் எண்ணும். நாம் 1 முதல் எண்ணுவோம். ஆகவே அட்டவணையில் 74 ஆன குழல், பொறிக்குள்ளே 73. இன்றைய கருவிகளில் இவற்றுக்கு மேலும் பல ஒலிகள் உண்டு. அவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

தேர்ந்ததைக் கருவியே நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி தொடக்கத்தில் இல்லை. 1970இல் வெளிவந்த மினிமூக் என்னும் புகழ்பெற்ற கருவியில் நல்லதோர் ஒலியை அமைத்தவர், ஒவ்வொரு திருகும் எங்கே நின்றது என்று தாளில் படம் வரைந்து வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித் 1978இல் உருவாக்கிய பிராஃபெட்-5 என்னும் கருவி, 40 ஒலியமைப்புகளைத் தன் நினைவிலேயே தாங்கி, ஒரு பொத்தானை அழுத்தியவுடன் திருப்பித் தந்தது. அண்ணாச்சி தந்த நோட்டும் மினிமூக் வாசித்தவர்களின் தாளும் ஒரே இனம் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்புத் தோன்றுகிறது.

நோட்டு மட்டும் போதாது என்பதை ஓராண்டு அம்மன் கோயில் பொங்கல் விழாவில் கண்டேன். வெளியூர் இன்னிசைக் குழு ஒன்று வந்திருந்தது. பாட்டின் நடுவே மின்சாரம் நின்றது. மின்னாக்கி ஓடி விளக்குகள் எரிந்தபோது, கீபோர்டு தன் பிறவி நிலைக்குத் திரும்பி, முதல் எண்ணாகிய பியானோவில் நின்றது. பாடகிக்கு ஐந்தரைக் கட்டை வேண்டும்; பாட்டுக்குக் குழலும் நரம்பொலியும் சேர்ந்து வேண்டும். வாசித்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடத் தொடங்கினார். கூட்டம் சீழ்க்கையடித்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, “அவருக்கு எல்லாம் தெரியும், தம்பி. பெட்டிக்குச் சொல்லி வைக்கவில்லை” என்றார்.

கட்டை என்றது சுருதியின் அளவை. ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டே அப்பெயர் வந்தது. மேனாட்டார் ‘சி’ என்பது நமக்கு ஒன்று. ‘ஜி’ என்பது ஐந்து. அதனை அடுத்த கருப்புக் கட்டை ஐந்தரை. கீபோர்டில் இந்தச் சுருதி மாற்றத்தையும் ஒலியோடு சேர்த்தே சேமிக்கலாம். அன்றிரவே நாங்கள் அதனைப் பழகினோம். முதலில் ஒலியின் எண். அடுத்து அதனோடு இணையும் இரண்டாம் ஒலி, அவ்விரண்டின் உரப்பு, சுருதி, எதிரொலியின் அளவு. எல்லாம் அமைந்தபின், நினைவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஓர் இட எண்ணைத் தொட வேண்டும். அந்த இடத்தில் முன்பிருந்தது அழிந்துபோகும். சில கருவிகள் அழிக்கலாமா என்று கேட்கும்; சில கேளாமலே அழித்துவிடும். ஆதலால் எழுதுமுன் அந்த இடத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. பிறகு கருவியை நிறுத்தி, மீண்டும் இயக்கி, சேமித்தது வருகிறதா என்று பார்த்தாலன்றி அண்ணாச்சி உறங்கப் போகமாட்டார்.

இவ்வாறு சேமிக்கப்படுவது ஒலி அன்று. மருத்துவர் எழுதித் தரும் சீட்டு மருந்தாகாததுபோல, அது இன்ன ஒலியை இன்ன அளவில் எடு என்னும் குறிப்பே ஆகும். எனவே அது மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது.

தந்தையின் கருவிகளுக்கு நடுவே வளர்ந்தவர் ஏ.ஆர். ரகுமான். தந்தையார் ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவர் விட்டுச் சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. பள்ளிப் பருவத்திலேயே அவர் கீபோர்டு வாசித்துப் பொருளீட்டப் போனார். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது தமிழகம் கேட்டு வியந்த ஒலிகளுக்குப் பின்னால் அத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தது.

எனக்கு வந்த சோதனை நாகசுரத்தால் வந்தது. பொது அட்டவணையின் 128இல் வடநாட்டு ஷெனாய் 112ஆம் எண்ணாக இருக்கிறது, நாகசுரத்துக்கு இடமில்லை, வீணைக்கும் இல்லை. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத்தில் அக்குழலோசையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது பொறுக்குமா? ஷெனாயைக் கீழிறக்கி, வேறோர் ஒலியை மெல்லச் சேர்த்து, இரண்டு வாரம் முயன்று ஓர் ஒலியை ஆக்கினேன். பக்கத்து ஊர் நாகசுரக் கலைஞர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். “கிட்டத்தட்ட வருகிறது, தம்பி. ஆனால் சீவாளி இப்படித் திடீரென்று சுவரத்தில் உட்காராது, கீழிருந்து ஏறி வந்து நிற்கும்” என்றார். கருவியின் இடப்புறத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. பொதுவாக அது சுவரத்தை இருபுறமும் இரண்டு அரைச்சுவரம் அளவு நகர்த்தும். அவர் பாடிக் காட்ட, நான் சக்கரத்தை உருட்டினேன். ஒலி ஏழாம் இடத்தில் ஏறியது. சக்கரத்தை உருட்டும் கை மட்டும் எந்த இடத்திலும் ஏறவில்லை.

அடுத்த வைகாசியில் ஒரு திருமண வீட்டார் வந்தனர். நாகசுரத்துக்கும் தவிலுக்கும் ஆகும் செலவில் பாதியை எனக்குத் தருவதாகவும், முகூர்த்தத்துக்கு என் பெட்டியே போதும் என்றும் கூறினர். அப்போது எனக்குப் பணம் தேவையாகத்தான் இருந்தது. எனினும், எந்த மனிதர் பாடிக் காட்டி அவ்வொலியைத் திருத்தினாரோ, அவருடைய வைகாசி வருவாயை அவ்வொலியைக் கொண்டே பறிப்பது எனக்கு ஒப்பவில்லை. முகூர்த்தத்துக்கு அவரை அழையுங்கள். மாலை இன்னிசைக்கு நான் வருகிறேன் என்றேன். அவர்கள் முணுமுணுத்தாலும் இசைந்தனர். ஏழாம் இடத்து ஒலியைத் திரைப்பாட்டில் இரண்டு வரி நாகசுரம் வரும் இடங்களில் மட்டும் இன்றும் பயன்படுத்துகிறேன்.

அண்ணாச்சி இன்று இல்லை. அவருடைய துண்டு முறையில் இப்போது எங்கள் தெருவில் இரு பிள்ளைகள் பயில்கின்றனர். ஆளுக்கு எட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். மூத்தவன் முதல் நாளிலேயே எட்டையும் நிரப்பிவிட்டு, இப்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறான். இளையவள் மூன்று மாதத்தில் நான்கு இடங்களை நிரப்பியிருக்கிறாள். ஐந்தாவதற்கு மழைக்குமுன் கேட்கும் தவளையின் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.