வானிற் செல்லுதல்

'வான்' என்னுஞ் சொல்லுக்கு ஆகாயம் என்றும், மழை என்றும், பெருமை என்றும் பொருள் கூறுவர். திருக்குறளிலே 'வான்சிறப்பு' என ஓர் அதிகாரம் உளது. அங்கே வான் என்பது மழை. எமது நாட்டில் இச்சொல்லுக்கு மேலும் இரு பொருள்கள் வழங்குகின்றன. குளம் நிரம்பிய பின் மிகுநீர் வழிந்தோடும் இடத்தை வான் என்போம். மாரி முற்றினால் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்று பத்திரிகைகள் எழுதும். பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டியையும் வான் என்றே எழுதுகின்றோம். இஃது ஆங்கிலம் தந்த சொல். ஆகவே, 'விடுமுறைக்கு வானிற் செல்வதா, வானிற் செல்வதா?' என்று ஒருவர் வினவினால், இலக்கண வழு ஏதுமின்றியே ஒரு வீட்டிற் பெரிய வழக்கு எழக்கூடும். 2023 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு முன்னர் எமது வீட்டில் எழுந்த வழக்கு அதுவே.

சிலேடையை இத்துடன் நிறுத்துவோம். வகுப்பிலே இதனைக் கூறினால் மாணவர் சிரிப்பது போலப் பாவனை செய்வர். பழைய மாணவருக்கு அக்கடமை இல்லை.

ஆகாய வழியை விரும்பியோர் இருவர். ஒருவன் எட்டாந் தரத்திற் பயின்ற எமது மைந்தன். அவனுக்கு எங்கே இறங்குவது என்பது பொருளன்று, ஏறுவதே பொருள். மற்றவர் எழுபது வயதைக் கடந்த எமது அன்னையார். அவருக்கு எதில் ஏறுவது என்பது பொருளன்று. சிதம்பரத்திலே மார்கழித் திருவாதிரை காண்பதே பொருள். அவருடைய தாயார் தலைமன்னாரிலே கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்திற் சென்று ஆருத்திரா தரிசனங் கண்டு மீண்டவர். அந்தக் கதையைக் கேட்டே அன்னையார் வளர்ந்தார். 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. அதிலே அன்னையாரை அழைத்துச் செல்லத் தந்தையார் எண்ணியிருந்தார். பிள்ளைகள் சற்று வளரட்டும் என்று தாழ்த்தினார். யாம் வளருமுன் போர் வளர்ந்துவிட்டது. கப்பலும் நின்றது. தந்தையாரும் இன்று இல்லை.

எம்மூரிலிருந்து விமானமேறிச் சென்னை செல்வது மூத்த பழைய மாணவருக்குப் புதுமையன்று. எயர் சிலோன் நிறுவனம் 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி இரத்மலானையிலிருந்து தன் முதற் பறப்பைத் தொடங்கியபோது, காங்கேசன்துறையில் இறங்கிய பின்னரே சென்னைக்குச் சென்றது. 'சீதாதேவி' என்பது அவ்விமானத்தின் பெயர். இடையிலே நெடுங்காலம் அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொள்ளைநோயால் நின்ற சேவை 2022 டிசெம்பர் 12 இல் மீண்டது. வீட்டுக் கூரையின் மேலாகச் சென்னை விமானம் தாழ்ந்து வரும்போதெல்லாம் அன்னையார் முற்றத்துக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பார். ஒன்றுங் கூறார். மைந்தன் மட்டும், "அப்பாச்சி, ஒன்றரை மணித்தியாலந்தான்!" என்பான்.

நிலவழியை விரும்பியோரும் இருவர். எம் இல்லாளுக்குப் பலாலி விமானம் என்றால் 1998 செப்டெம்பர் 29 நினைவில் எழும். அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானம் ஐம்பத்தைந்து பேருடன் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. காலம் மாறிவிட்டது என்பதை அவர் அறிவார். அறிவு ஒன்று, நெஞ்சு ஒன்று.

மற்றவள் எமது மகள். அவள் பெற்ற இசட் புள்ளியை நோக்கிய நண்பர்கள், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமே அவளுக்கு வாய்க்கும் என்றனர். 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையம் அது. அவ்விடத்தை எம் வீட்டில் எவருங் கண்டதில்லை. "ஒருக்கால் அந்த வழியாலை போய்ப் பார்த்தால் நல்லது அப்பா" என்று ஒரே ஒருமுறை கூறினாள். அதன் பின் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசாத பிள்ளையின் விண்ணப்பத்தைத் தள்ளுதல் பேசும் பிள்ளையின் விண்ணப்பத்தைத் தள்ளுவதினுங் கடினம்.

இரண்டையுஞ் செய்யலாமே என்று வாசகர் கூறலாம். ஆசிரியச் சம்பளத்தை அறிந்தவர் கூறார். இல்லாளின் சீட்டுக்காசும் பண்டிகை முற்பணமும் சேர்ந்து ஒரு பயணத்துக்கே போதுமானவை.

எனவே கணக்கிடத் தொடங்கினோம். விமானத்தைப் பற்றிப் பேசுவோர் அது பறக்கும் நேரத்தையே பேசுகின்றனர். அதனுடன் பலாலியிற் காத்திருக்கும் நேரத்தையும், சென்னையில் இறங்கி வெளியேறும் நேரத்தையும் கூட்டவேண்டும். சென்னையும் சிதம்பரமன்று; இடையிலே இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலவழி உளது. ஐந்து கடவுச்சீட்டு, ஐந்து நுழைவிசைவு, ஐந்து போக்குவரத்துக் கட்டணம், திருவாதிரைக் கூட்டத்திலே ஐவருக்கு ஓர் அறை. அவ்வாண்டு டிசெம்பர் முதல் வாரத்திலே 'மிக்சாம்' புயலாற் சென்னை வெள்ளத்தில் மூழ்கி, விமான நிலையமும் மூடப்பட்டது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே ஒக்டோபர் 14 இல் தொடங்கிய கப்பலோ, மாரியை முன்னிட்டுச் சில நாள்களிலேயே நின்றுவிட்டது. இல்லையேல் அதுவே எம் வழக்கைத் தீர்த்திருக்கும்.

நிலவழிக்குரிய கணக்கு வேறு வகையானது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. அங்கிருந்து கடற்கரை வழியாக மட்டக்களப்பு. ஏறத்தாழ 370 கிலோமீற்றர். யாம் ஒரு தாளில் ஊர்களையும் தூரங்களையும் ஒழுங்காக வரைந்து, அழகிய திட்டம் என்று மகிழ்ந்து இல்லாளிடங் கொடுத்தோம். அவர் அதனை மறுபக்கந் திருப்பி, எந்த இடத்திலே துப்புரவான கழிவறை உளது என்று எழுதத் தொடங்கினார். முதியவரும் பெண்களும் செல்லும் பயணத்துக்கு அதுவே அச்சாணி. ஆடவர் வரையுந் திட்டங்களில் அது இடம்பெறுவதில்லை. அன்னையாரின் முழங்கால் இரண்டு மணிநேரத்துக்கு மேல் மடங்கியிருக்க இசையாது. ஆகவே அதற்கு ஏற்ப நிறுத்தங்கள் அமைந்தன. ஹொரவப்பொத்தானைப் பக்கத்தில் இருட்டிய பின் யானைகள் வீதியைக் கடக்கும். ஆகவே அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பாடு. சாரதி முன்னிரவு வேறு வாடகைக்குச் செல்லாமல் உறங்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தோம். வாடகையிற் பத்து ரூபா குறைத்துப் பேசுவோர் பலர். சாரதி உறங்கினாரா என்று கேட்போர் சிலர்.

கணக்கு முடிந்தும் முடிவு எட்டவில்லை. தொகையில் நிலவழியே குறைந்தது. ஆயினும் தந்தையார் தாழ்த்தியதையே யாமுந் தாழ்த்துகின்றோமோ என்ற எண்ணம் எம்மை உறங்கவிடவில்லை. பல்கலைக்கழகத்தைப் பின்னரும் பார்க்கலாம்; அன்னையாரின் முழங்கால் பின்னரும் நடக்குமா? ஒரு மாலை விளக்கு வைத்த பின்னர் அன்னையாரே எம்மை அழைத்தார்.

"தம்பி, ஞானசம்பந்தர் கடலுக்கு அந்தக் கரையிலை நிண்டு கோணேசரைப் பாடினவர் எண்டு நீதானே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனி?"

"ஓம் அம்மா."

"அப்ப நான் கோணேசர் கோயிலிலை நிண்டு சிதம்பரத்தை நினைச்சால் அவர் கோவிக்கமாட்டார். பிள்ளை தனியப் போகப்போற வழியை முதல்லை பாப்பம்."

சம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றே கோணேச்சரத்தைப் பாடினார் என்ற செய்தியை யாம் ஆண்டுதோறும் வகுப்பிற் கூறி வருகின்றோம். அதனை இவ்வாறு பயன்படுத்தலாம் என்பது எமக்குத் தோன்றியதில்லை.

டிசெம்பர் 25 ஆந் திகதி புறப்பட்டோம். தெருக்களிலே திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தொடங்கும் வேளை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆனையிறவை அடையும்போது கிழக்கு வெளுத்து, இரு புறமும் நீர் வெள்ளித் தகடு போலக் கிடந்தது. மைந்தன் உறங்கிவிட்டான். எம் தலைமுறையினருக்கு அவ்வெளி வெறும் நீர்வெளியன்று. பாதை அடைபட்ட காலத்திலே கிளாலிக் கடனீரேரியை இருளிற் படகிற் கடந்தோர் இச்சஞ்சிகையை வாசிப்போரிடையே பலர் இருப்பர். 2002 இல் பாதை திறந்தபோது யாம் முதன்முறை அதில் வவுனியா சென்றோம். வயது இருபதைக் கடந்திருந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் மூட்டைகளை இறக்கி ஏற்றியதிற் பாதி நாள் போயிற்று. 2006 ஓகஸ்ற் மாதத்தில் அது மீண்டும் அடைபட்டது. மைந்தன் பிறந்தபோதோ பாதை திறந்தே இருந்தது. அவனுக்கு இது வீதி, அவ்வளவே. எழுப்பி எல்லாவற்றையுங் கூறவேண்டும் என்று எண்ணினோம். அவன் வாய் சற்றே திறந்தபடி உறங்கிய நிலையைக் கண்டு விட்டுவிட்டோம்.

முறிகண்டியில் அவன் தானாகவே விழித்தான். அங்கே நிறுத்தாது செல்லுஞ் சாரதியை யாம் இதுவரை கண்டதில்லை. பிள்ளையாருக்குக் கற்பூரங் கொளுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். வவுனியாவுக்கு அப்பால் மழை வலுத்தது. வயல்களில் நீர் நிரம்பி வரம்பு தெரியவில்லை. பதினொரு மணியளவிற் கோணமலையைக் கண்டோம். மறுநாள் காலை கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீராடினோம். 9.25 மணிக்கு, 2004 ஆம் ஆண்டு கடல்கோளில் மாண்டோருக்காக அங்கிருந்தோர் இரண்டு நிமிடம் வாய்மூடி நின்றனர். வாளி ஏந்திய கையுடன் மைந்தனும் நின்றான்.

27 ஆந் திகதி திருவாதிரை. விடியுமுன் பிரெடெரிக் கோட்டை வாயிலைக் கடந்து மலையேறினோம். மகள் ஒரு புறமும் யாம் ஒரு புறமுமாக அன்னையாரைத் தாங்கினோம். கூத்தப்பெருமானின் திருவுருவம் வெளிவந்தபோது கூட்டத்தில் எமக்கு முடியும் மாலையுமே தெரிந்தன. அன்னையார் எவ்வளவு கண்டார் என்று கேட்கவில்லை. தரிசனத்தின் பின் கிழக்கு வெளியிலே கடலை நோக்கி நின்றவர், திரும்பிச் சற்று வடமேற்காகக் கைகூப்பினார். அத்திசை சரியானதே; வீடு திரும்பிய பின் படத்தில் வைத்துப் பார்த்தோம்.

அன்றே மட்டக்களப்பு நோக்கிச் சென்றோம். அவ்வழியில் முன்னாளிலே துறைக்குத் துறை பாதையில் வண்டியை ஏற்றிக் கடக்கவேண்டும். மிதவைக்குக் காத்திருந்தே பொழுது சாயும் என்பர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. மகள் ஒரு சிறு குறிப்பேட்டில் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை என எழுதிக்கொண்டு வந்தாள். அவள் எழுதுமுன் அன்னையார் ஒவ்வொரு பெயரையும் உரத்துப் படிப்பார். வெருகல் ஆறு கரைதொட்டு ஓடிற்று. சித்திரவேலாயுதர் கோயிலில் இறங்கி, கட்டுச்சோற்றை அவிழ்த்தோம்.

வந்தாறுமூலையில் வாயிற் காவலர் எம்மை ஏற இறங்க நோக்கி, "புதுப் பிள்ளையா?" என்றார். இன்னும் இல்லை என்றோம். மகள் உள்ளே செல்லக் கேட்கவில்லை. வாயிலில் நின்று மரங்களையும் கட்டடங்களையும் சிறிது நேரம் பார்த்தாள். பேருந்துத் தரிப்பு எங்கே என்று மட்டும் அவரிடங் கேட்டாள். பின்பு கல்லடிக்குச் சென்று விபுலாநந்த அடிகளின் சமாதியை வணங்கினோம். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராய் இருந்தவர். சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். 1947 இல் மறைந்து இங்கே துயில்கின்றார். இவற்றை யாம் மகளுக்குக் கூற, செவிமடுத்த அன்னையார், "இவரும் இஞ்சையிருந்து சிதம்பரம் போனவர்தானே" என்றார். அதில் ஒரு குறிப்பு இருந்தது, யாமும் உணர்ந்துகொண்டோம்.

மகள் இப்பொழுது வந்தாறுமூலையில் இரண்டாம் ஆண்டைக் கடந்துவிட்டாள். திருகோணமலையிற் பேருந்து மாறித் தனியே போய்வருகின்றாள். தொலைபேசியில் அவள் வெருகல் என்றால், இனி வாகரை என்று அன்னையார் எம் இல்லாளுக்குக் கூறுவார். அவருக்குக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டோம். புதிய சீட்டு ஒன்றும் நடைபெறுகின்றது. 2025 மார்ச்சிற் பலாலியிலிருந்து திருச்சிக்கும் விமானம் பறக்கத் தொடங்கியது; அங்கிருந்து சிதம்பரம் சென்னையினும் அண்மை. வருகின்ற திருவாதிரைக்கு அன்னையாரும் மைந்தனும் யாமும் செல்வதாக ஏற்பாடு. சாளரத்தோர இருக்கை தனக்கே என்று மைந்தன் இப்பொழுதே கூறிவருகின்றான். அப்பாச்சி அதற்கு இன்னும் உடன்படவில்லை.