சோக்குல ஓடுது, சோக் எடுத்தா சாவுது

மரம் அறுக்கிற மிஷின். கயித்தை இழுத்தா பட்டுனு ஸ்டார்ட் ஆவுது.
சோக்கை உள்ள தள்ளினதும் டுர்ர்ர்னு இறங்கி நின்னுபோவுது.

அறுக்க வேண்டியது வாசல்ல முறிஞ்சு விழுந்த முருங்கை.
(முருங்கைக்கு எதுக்குடா மரம் அறுக்கிற மிஷினுன்னு கேக்காதீங்க. வாங்கியாச்சு, ஓட்டணும்ல?)

சோக்குல மட்டும் ஓடுதுன்னா பெரும்பாலும் பெட்ரோல் சரியா ஏறலைன்னு அர்த்தம்.
டேங்க் மூடியை லேசா தளர்த்திப் பாத்தேன். அப்பவும் நிக்குது. அப்ப காத்துத் துளை அடைப்பு இல்ல.
கம்பியைக் கொக்கியா வளைச்சு டேங்குக்குள்ள விட்டு ஃபில்டரை இழுத்தா, டீ வடிகட்டுற துணி கணக்கா வருது.

மாத்தியாச்சு.
இப்ப ஐட்லிங்ல நிக்குது. ஆக்சிலேட்டர் குடுத்தா அணையுது.

அடுத்த சந்தேகம் கார்புரேட்டர் டயாஃப்ரம் மேலதான். மெல்லிசு ஜவ்வு. பழைய பெட்ரோல் உள்ளயே கிடந்தா விறைச்சுக்கும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்தது வேற, ஈரத்தை இழுக்கும்.

இதெல்லாம் நான் விளக்கிட்டு இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெரியப்பா அரிவாளால முக்காவாசி கிளையைக் கழிச்சுட்டாரு.
"நீ ரிப்பேரைப் பாரு தம்பி"ங்கிறாரு.

டயாஃப்ரம் மட்டும் தனியா கிடைக்குமா, இல்ல முழு கார்புரேட்டரையும் தலையில கட்டிருவாங்களா?