வாப்பாவின் பயான் நோட்டும் மருமகனின் கணினியும்

கணினிக்கு நிரல் எழுதுகிறவரின் மேசை எப்படியிருக்கும் என்பதை நான் நெருங்கிப் பார்த்தது 2020ஆம் ஆண்டில்தான். பொது முடக்கத்திற்கு இரண்டு நாட்கள் முன்னதாகச் சென்னையிலிருந்து புறப்பட்ட என் தங்கையின் மகன், கூத்தாநல்லூரில் தன் வீட்டில் சிறுவர்களின் சத்தம் அதிகம் என்று சொல்லி, நாகூரில் எங்கள் மாடியறைக்கு வந்து சேர்ந்தான். முறைக்கு எனக்கு மருமகன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுபவன்.

வந்தவனோடு எனக்கு அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறு பிராயத்தில் என்னிடம்தான் ஹிப்ளு ஓதினான். பன்னிரண்டு ஜுஸ்உ முடித்த நிலையில், பள்ளிப் படிப்பில் கவனம் சிதறுகிறது என்று நிறுத்திக்கொண்டான். அவன் பெற்றோரின் முடிவு அது. ஆயினும் எனக்கு அவன்மீதே வருத்தம். பெருநாளைக்கு வந்தால் ஸலாம், சுகம் விசாரிப்பு, அவ்வளவோடு சரி. இப்படியே பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

பெரிய பெரிய இயந்திரங்கள் வந்திறங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு மடிக்கணினி, தட்டினால் வீடெல்லாம் கேட்கும் தடித்த விசைப்பலகை ஒன்று, கோடு போடாத காகிதக் கட்டு, பென்சில், தண்ணீர்க் குடுவை, இவ்வளவுதான் அவனுடைய தளவாடம். திரை கறுப்பாக இருந்தது. அதில் எழுத்துகள் பல நிறங்களில் வரிசை வரிசையாய் நின்றன. அலங்காரத்திற்காக நிறம் பூசியிருக்கிறான் என்று நினைத்தேன். கேட்டபோது, "தஜ்வீது நிறங்கள் போட்ட குர்ஆன் வைத்து ஓதித் தருவீர்களே மாமா, அதுபோலத்தான். எங்கே நீட்ட வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்று அதில் நிறம் சொல்லும். இதில் எது கட்டளை, எது பெயர், எது வெறும் சொல் என்று நிறம் சொல்கிறது" என்றான். பன்னிரண்டு ஜுஸ்உவும் இவனிடம் எங்கோ இருக்கத்தான் செய்கிறது என்று அப்போது தோன்றிற்று.

இனி, என் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பா அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜும்ஆ நாட்களில் குத்பாவுக்கு முன் தமிழில் பயான் செய்தவர்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் குறிப்பெழுதாமல் மிம்பர் பக்கம் போகமாட்டார்கள். அப்படி ஏழு நோட்டுகள். 2001இல் அவர்கள் வஃபாத்தான பின், அவற்றை நூலாக்க வேண்டும் என்ற ஆசையில், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த நான், மறு ஆண்டு ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்துக் கணினியில் ஏற்றினேன். 118 பயான்கள், மூன்று பிளாப்பிகளில் வந்தன. அச்சிடக் கையில் பணம் சேரவில்லை. கூத்தாநல்லூரில் யாரோ உதவுவதாகச் சொன்னார்கள் என்று தங்கை பிளாப்பிகளை வாங்கிக்கொண்டு போனாள். நோட்டுகள் எங்களிடமே இருந்தன.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடற்கரைப் பக்கமிருந்த எங்கள் பழைய வீட்டுக்குள் கடல் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டுபோன அந்த நாளில், எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்து லில்லாஹ். அண்டை அயலில் மையித்துகளை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டுகள் போனதைப் பற்றி அழுவதற்கு எனக்கு நாணமாக இருந்தது. ஆகவே நான் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை.

பிளாப்பிகள் பிழைத்தன. ஆனால் சில ஆண்டுகள் கழித்து ஒரு கடையில் கொடுத்துத் திறந்து பார்த்தபோது தமிழே இல்லை. பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்த குப்பைபோல் ஏதோ எழுத்துகள். கெட்டுப்போயிற்று என்று கடைக்காரர் கைவிரித்தார். நானும் அப்படியே நம்பினேன்.

முடக்கம் சற்றுத் தளர்ந்ததும் மருமகன் ஒருநாள் கூத்தாநல்லூர் சென்று வந்தான். கையில் அந்த மூன்று பிளாப்பிகளும் இருந்தன. சிறுவயது முதல் தங்கள் வீட்டு அலமாரியில் அவற்றைப் பார்த்தே வளர்ந்தவனாம். அவற்றைப் படிக்கும் சிறு கருவி ஒன்றையும் வரவழைத்திருந்தான். இரண்டு முழுமையாகத் திறந்தன. மூன்றாவதில் ஒரு பகுதி பழுதாகி ஏழு பயான்கள் போய்விட்டன. மீதி 111இலும் அதே குப்பை எழுத்துகள். "இது கெட்டுப்போகவில்லை மாமா, முகமூடி போட்டிருக்கிறது" என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கணினிக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது, எண்தான் உண்டு. அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் 256 இடங்களே கொண்ட ஒரு பெட்டிக்குள், ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தவை. எந்த எண்ணில் எந்த எழுத்தை ஒட்டுவது என்பதை ஆளாளுக்கு ஒருவிதமாக முடிவு செய்திருந்தார்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் முகமூடி கழன்று உள்ளே இருக்கும் ஐரோப்பிய எழுத்து தெரியும். யூனிகோடு என்னும் ஒருங்குகுறி இதற்கு முடிவுகட்டியது. அதில் உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம். தமிழுக்கு 128 இடங்கள். 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. எந்நாட்டில் எந்தக் கணினியில் திறந்தாலும் 'க' அதே எண்தான்.

"இந்தப் பாதையை வெட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஆள்தான்" என்று அவன் சொன்ன பெயர்தான் அதிராம்பட்டினம் உமர்தம்பி அவர்கள். நமக்குத் தெற்கே, கடலோரத்து ஊர். 1953 ஜூன் 15இல் பிறந்தவர். மின்னணுவியலில் நாட்டம் கொண்டு, துபாயில் பல்லாண்டு பணியாற்றியவர். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நம்மூர்க் கணினி நிலையங்களில் பெரும்பாலும் விண்டோஸ் 98தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தமிழ் ஒருங்குகுறியைக் காட்டத் தெரியாது. வெறும் கட்டங்களாகத் தெரியும். உமர்தம்பி அவர்கள் 'தேனீ' என்ற இயங்கு எழுத்துருவைச் செய்து வெளியிட்டார். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இணையப் பக்கமே தனக்கு வேண்டிய எழுத்துருவைத் தன்னோடு சுமந்துகொண்டு வரும். விருந்தாளியே சோறும் கறியும் கொண்டுவந்தது போலத்தான். ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் தமிழாக விழும் ஒரு எழுதுகருவியும் அவர் படைத்தார். எவரிடமும் காசு கேட்கவில்லை. 2006 ஜூலை 12இல் தம் 53ஆம் வயதில் மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒலிப்படி எழுதுவது என்றதும் எனக்கு என் பாட்டியாரின் நினைவு வந்தது. தமிழ் எழுத்து அறியாத அவர்கள் அரபுத் தமிழில் தங்குதடையின்றி எழுதவும் படிக்கவும் வல்லவர்கள். ஒரு மொழியை இன்னொன்றின் எழுத்தில் ஏற்றுவதும், அரபியில் இல்லாத ட, ப, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி வடிவம் அமைப்பதும் நம் முன்னோர் செய்த வேலைதானே! கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் ஓலையும் காகிதமும் வைத்துக்கொண்டு செய்ததை அதிராம்பட்டினத்துக்காரர் கணினியில் செய்தார் என்று எனக்குப் பட்டது. மருமகனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

பகலெல்லாம் நிறுவனத்தின் வேலை. இஷாவுக்குப் பின் எங்கள் வேலை. எந்தக் குப்பைக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்று அட்டவணை போட வேண்டும். அதற்கு நான் தேவைப்பட்டேன். வாப்பாவின் பயான்கள் எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் வரி 'அல்லாஹ்வின் பேரருளால்' என்றுதான் இருக்கும் என்று நான் சொல்ல, அவன் ஒவ்வொரு குறியாகப் பொருத்தி எழுதினான். பூட்டு ஒன்றும் பெரிதாக இல்லை, சாவிதான் என் ஞாபகத்தில் இருந்தது.

அல்கோரிதம் என்ற சொல் அல்குவாரிஸ்மீ அவர்களின் பெயரிலிருந்து பிறந்தது என்று மீலாது மேடைகளில் நானும் பலமுறை முழங்கியிருக்கிறேன். ஓர் அல்கோரிதம் எப்படியிருக்கும் என்று அன்றுவரை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவன் பழக்கங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு. மூலக் கோப்பை ஒருபோதும் தொடமாட்டான், நகலில்தான் கை வைப்பான். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றமாட்டான். ஒரு விதி எழுதுவான், ஓடவிடுவான், பார்ப்பான். சரியென்றால் 'கிட்' என்ற ஒன்றில் பதிவு செய்வான். லினக்ஸ் வேலைக்காக லினஸ் தோர்வால்ட்ஸ் என்பவர் 2005இல் எழுதிய கருவியாம் அது. யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று அதில் நிற்கும். எந்தப் பழைய நிலைக்கும் திரும்பிப் போகலாம். "ஏன் என்று எழுதாமல் மாற்றினால், ஆறு மாதம் கழித்து நானே எனக்கு அந்நியன்" என்றான்.

ஹதீஸ் கலை ஓதியவனுக்கு இது புதிதல்ல. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள், ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு வட்டம் போட்டு அதை வெறுமையாக விடும்படியும், மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்பே அதனுள் புள்ளி வைக்கும்படியும் சொல்லியிருக்கிறார்கள். புள்ளியில்லாத வட்டம் என்றால் இன்னும் ஒப்பிடவில்லை என்று பொருள். இதைச் சொன்னபோது மருமகன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். மறுநாள் முதல் எங்கள் பட்டியலில் ஒவ்வொரு பயானுக்கும் எதிரே ஒரு வட்டம் தோன்றியது.

வேலை ஓரிடத்தில் முட்டிக்கொண்டது. பழைய எழுத்துருக்களில் 'ஔ' வரிசைக்குத் தனிக் குறி கிடையாது. கொம்பு, எழுத்து, அதன்பின் 'ள'. மௌலவி என்பதை இன்றும் பலர் 'மெ'யும் 'ள'வுமாகத் தட்டுவது இந்தப் பழக்கத்தால்தான். ஆகவே கொம்புள்ள எழுத்துக்குப் பின் 'ள' வந்தால் ஔகாரமாக்கு என்று விதி எழுதினான். மௌலவியும் தௌபாவும் தௌஹீதும் அழகாக வந்தன. ஆனால் தெளிவு என்ற சொல் தெளிவிழந்தது. வெள்ளிக்கிழமை வரும் இடமெல்லாம் 'வ'வின்மேல் ஔகாரம் ஏறிக்கொண்டு, புள்ளி தனியே ஒரு வட்டத்தின்மேல் அந்தரத்தில் நின்றது. ஜும்ஆ பயானில் வெள்ளிக்கிழமை இல்லாத பக்கம் ஏது?

மூன்று இரவுகள் போராடினான். இப்படி முட்டிக்கொள்ளும்போது நிரலாளர்கள் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை முன்னால் வைத்து அதனிடம் வரிவரியாக விளக்குவார்களாம், விளக்கும்போதே தவறு புலப்பட்டுவிடுமாம். 1999இல் வந்த ஒரு நிரலாக்க நூலில் தொடங்கிய வேடிக்கை அது. எங்கள் வீட்டில் வாத்துக்கு எங்கே போவது? முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் உம்மாவின் முன் போய் உட்கார்ந்தான். "நன்னி, கேளுங்கள். முதலில் கொம்பு வருகிறது. பிறகு எழுத்து. பிறகு ள. அதை ஔ என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெள்ளியில் அந்த ளகரத்துக்குப் பின்னால் புள்ளி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் எழுந்து மாடிக்கு ஓடினான். "புள்ளைக்கு என்ன வந்தது?" என்றார்கள் உம்மா. 'ள'வுக்கு அடுத்த குறியையும் பார்க்க வேண்டும். அங்கே புள்ளியோ கொக்கியோ இருந்தால் அது உண்மையான ளகரம். அவ்வளவுதான் விஷயம். அன்றைய பதிவில் 'வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது' என்று எழுதியிருந்தான்.

இரவு முழுதும் திரைமுன் கிடக்கிறவர்களுக்கு வேறு உலகம் இருக்காது என்று எண்ணியிருந்தேன். அதுவும் பிழை. பஜ்ரு தொழுத கையோடு தூண்டிலை எடுத்துக்கொண்டு வெட்டாற்றங்கரைக்குப் போய்விடுவான். மீன் கிடைத்தது குறைவு, நான் கூடப் போன நாட்கள் அதிகம். ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டு நாகூர் ஹனீபா அவர்களின் பழைய பாடல்களைக் கேட்பான். ஹிப்ளை விட்டதைப் பற்றி அந்த ஆற்றங்கரையில்தான் ஒருநாள் அவனாகவே பேசினான். அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

இப்போது 111 பயான்களும் தமிழாக இருக்கின்றன. ஆனால் அந்நாளில் தட்டச்சுக் கடையில் அரபு எழுத்து இல்லாததால், வாப்பா எழுதிய அரபு வரிகளுக்கெல்லாம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். பின்னால் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த நோட்டுகள் இப்போது இல்லை. தமிழ்ப் பொருளை வைத்து ஆயத்துகளையும் ஹதீஸ்களையும் ஒவ்வொன்றாகக் கண்டெடுத்து நிரப்பிவருகிறேன். மருமகன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். போகும்முன் பதிவு செய்யும் முறையை எனக்கும் கற்றுத் தந்தான். அந்தப் பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே என் பெயரும் வருகிறது.

சென்ற மாதம் நான் எழுதிய பதிவு இது: 'பயான் 41. பத்தாவது வரிக்குப் பின் வெற்றிடம். ஆயத்து அல்ல. துஆவாக இருக்கலாம். வட்டத்தில் புள்ளி வைக்கவில்லை.'